உள்சூரியனும் இரவுச் சாப்பாடும்

1

இந்த இதழில் சில வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிய ‘உள்சூரியன்’ கட்டுரைக்கு இரண்டாம் பாகம் வேண்டுமென்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். திண்டிவனத்தில் அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் கூடிப் படிக்கும் வட்டம் ஒன்று உண்டாகி, அதற்கு ஆண்டு விழாவும் வருகிறதாம். விழா மலருக்கு மன அடக்கம் பற்றி நாலு பக்கம் வேண்டுமாம். மன அடக்கத்தைப் பற்றி என்னிடம் கேட்பது, மழையைப் பற்றிக் குடை வியாபாரியிடம் கேட்பது போல. விஷயம் தெரியும். தெரிந்த விதம்தான் வேறு.

இதழைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு என்னைப் பற்றி: திண்டிவனத்துக்காரன், நயினார் வீட்டுப் பிள்ளை, அதாவது தமிழ் ஜைனன், நார்வே தேசத்தில் ட்ரான்ஹெய்ம் என்ற ஊரில் சிமெண்டுக் கலவையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. கலவையை வார்த்துவிட்டு அது இறுகும்வரை காத்திருப்பதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். மனைவி விஜயா, மகள் சாந்தி. இந்த ஊரில் ஜைனர்களின் மக்கள்தொகை இத்துடன் முடிகிறது.

பொழுதோடு சாப்பிடுவது எங்கள் வீடுகளில் சட்டம். சூரியன் மறைந்த பிறகு அடுப்புமில்லை, தட்டுமில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சோற்றில் விழும் பூச்சிக்கும் உயிர் உண்டு என்பது காரணம். திண்டிவனத்தில் இது ஒரு கஷ்டமே இல்லை. அங்கே சூரியன் ஒழுங்கான அரசாங்க ஊழியர். சித்திரையானாலும் மார்கழியானாலும் ஆறு மணி சுமாருக்குக் கிளம்பிவிடுவார். அரை மணி முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அந்தச் சூரியனை நம்பி வகுத்த சட்டத்தை நான் பெட்டியில் மடித்து வைத்து, விமானத்தில் ஏற்றி, வடதுருவத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கினேன்.

2

நாங்கள் இங்கே வந்தது ஒரு நவம்பரில். வேலைக்குச் சேர்ந்து சில நாட்கள் இருக்கும். மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் அணைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, வெள்ளைக்காரனும் மறப்பான் என்று ஒரு சந்தோஷம். பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அணைக்க மறக்கவில்லை, இப்போதுதான் போட்டார்கள் என்றார்.

மார்கழியில் இங்கே சூரியன் பத்து மணிக்கு வந்து, இரண்டரை மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும். அதற்குள் காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு மூன்றையும் உள்ளே தள்ள வேண்டும். முதல் குளிர்காலம் முழுவதும் நான் ஆய்வகத்தில் இரண்டு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டேன். மற்றவர்கள் அப்போது காபி குடிப்பார்கள். சாம்பார் சோற்றைப் பிசையும் என்னைப் பார்த்து, கப்பலில் வேலை செய்தவனா என்று ஒருவர் பரிவோடு விசாரித்தார்.

சாந்திக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிற்பகல் ரொட்டி கொடுத்திருக்கிறார்கள். வெளியே இருட்டிவிட்டதால் மறுத்துவிட்டாள். காரணம் கேட்ட டீச்சரிடம், எங்கள் வீட்டில் இருட்டில் சாப்பிடுவதில்லை என்று சொல்லியிருக்கிறாள். மறுவாரம் நகராட்சியிலிருந்து ஒரு அம்மாள் கையில் கோப்போடு வந்தார். எங்கள் சமயத்தின் இரவு உண்ணாமையை, அதற்குப் பின்னால் இருக்கும் அகிம்சையை, என் அன்றைய நார்வே மொழியில் விளக்கினேன். அந்த மொழியில் எனக்கு அப்போது பால், பனி, பேருந்து சம்பந்தமான வார்த்தைகள்தான் தெரியும். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். விளக்கு எரிந்தது. அணைத்தார். மறுபடி போட்டார். ஏதோ எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்து, மின்கட்டணம் கட்ட இயலாத குடும்பங்களுக்கான உதவி மனு மூன்று பிரதிகளில் தபாலில் வந்தது.

கோடையில் கதை தலைகீழ். ஆனி மாதம் ராத்திரி பத்தரைக்கு சாந்தி பால்கனியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்பாள். தூங்கப் போ என்றால் வானத்தைக் காட்டுவாள். “சூரியன் இருக்கே அப்பா. உங்க ரூல்தானே?” சட்டம் அவள் பக்கம் இருந்தது. எங்கள் ரூல் என்பது ‘உங்க ரூல்’ ஆனதை அப்போது நான் கவனிக்கவில்லை. ஐஸ்கிரீமைத்தான் கவனித்தேன்.

3

மூன்றாவது குளிர்காலத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போதே வயிறு காந்தும். சாதாரண மனிதனாக இருந்தால் சட்டத்தை மீறியிருப்பான். நான் படித்தவன். ஆகவே மூல நூலைத் திறந்தேன்.

ஊரிலிருந்து உரையோடு கொண்டுவந்த சமய நூல் அது. அதுவரை அலமாரியில் ஒரு மரியாதைக்காக இருந்தது. ஆன்மா ஒளி வடிவானது என்று அதில் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருப்பது ஒளி என்றால் உள்ளே ஒரு சூரியன் இருந்தாக வேண்டும். அப்படியானால் நூல் சொல்லும் பகலும் இரவும் வானத்தில் நடப்பவை அல்ல. விழிப்பு இருக்கும்வரை மனிதனுக்குப் பகல். விழிப்பில்லாமல் உச்சிவெயிலில் சாப்பிட்டாலும் அது இரவுச் சாப்பாடு. தட்டுக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார வேண்டும். அறிகிறவன் யார் என்று பார்க்க வேண்டும். மனம் அடங்கி உள்ளே வெளிச்சம் எழுந்த பிறகு உண்டால் அது பொழுதோடு உண்டதுதான். மேற்கோளும் அடிக்குறிப்புமாகப் பதினாறு பக்கம் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பசியிலும் அப்படி ஆகும்.

தபாலில் போடுவதற்கு முன் விஜயாவிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசிப் பக்கம்வரை நிதானமாகப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “இப்ப சப்பாத்தி போடட்டுமா, வேணாமா?”

போடு என்றேன். அந்தச் சப்பாத்தியின் ருசியை நான் எந்த நூலிலும் கண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார மறந்துவிட்டேன் என்பது மூன்றாவது சப்பாத்தியில்தான் நினைவுக்கு வந்தது.

4

எண்பத்தாறில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். திண்டிவனம் பஸ் நிலையத்தில் என்னை அழைத்துப்போக மாமா வந்திருந்தார். மாமா என்றால் என் அக்கா ஜெயசீலாவின் கணவர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருப்பவர். பெட்டியை வாங்குவதற்கு முன்னாலேயே, எதிரில் இருந்த பரோட்டாக் கடையைக் கையால் காட்டினார்.

“பாத்துக்கோ. உன் கட்டுரையாலதான் அவன் மாடி கட்டிக்கினு இருக்கான். நம்ம பசங்க எட்டு மணிக்கு வந்து உக்காந்து, உள்சூரியன் எழுந்துடுச்சின்னு சொல்லிக்கினு நாலு நாலா உள்ள தள்றானுங்க.”

இப்படி ஒரு பக்கம். மறுபக்கம், ஞாயிற்றுக்கிழமை வட்டத்தார் என்னை அழைத்து மாலை போட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் கட்டுரையை எனக்கே விளக்கினார். நான் நினைக்காத ஆழமெல்லாம் அதில் இருந்தது. உள்சூரியன் தெரிய எத்தனை காலம் பிடிக்கும் என்று ஒரு இளைஞர் என்னைக் கேட்டார். நான் இருக்கும் ஊரில் மேகமூட்டம் அதிகம் என்று சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார்.

சிரிப்பெல்லாம் வீட்டு வாசலோடு நின்றது. அக்கா பாதியாக இளைத்திருந்தாள். சர்க்கரை வியாதி. சாயங்காலம் மாத்திரை போட்டுக்கொள்வாள். ஐந்தரைக்கே சாப்பாட்டை முடித்துவிடுவாள். அதற்குப் பிறகு விடியும்வரை தண்ணீர்கூடக் கிடையாது. விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குழறி, இரண்டு தரம் நினைவு தப்பியிருக்கிறாள். இரண்டாவது தரம் மாமா அவள் வாயில் சர்க்கரையைத் திணித்து எழுப்பியிருக்கிறார்.

மறுநாள் மூன்று பேரும் பஸ் ஏறி விழுப்புரத்தில் டாக்டரைப் பார்க்கப் போனோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மருத்துவமனை, கூட்டம். டாக்டர் எங்களைவிடச் சின்னவர், களைத்திருந்தார். ராத்திரி எட்டு மணிக்கு ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்றார். அப்படியானால் மாத்திரையை விட்டுவிடுகிறேன் என்றாள் அக்கா. விட்டால் கண் போகும், பிறகு கால் போகும் என்றார். அக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, தெளிவா சொல்லிடறேன்,” என்றார் டாக்டர். “மாத்திரையும் போட்டுட்டு வெறும் வயித்தோட படுத்தா ஒரு நாள் காலைல எழுந்திரிக்க மாட்டீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார் வெளிநாட்டுல இருக்கீங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.”

வெளியே வந்ததும் மாமா என்னைத் தனியாக ஒரு சோடாக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சோடா வாங்கினாரே தவிரக் குடிக்கவில்லை. “நீ எழுதினதுதானே, அதயே அவகிட்ட சொல்லு. ஊர்ல தின்னு கொழுத்தவனெல்லாம் அத சொல்லிக்கினு திங்கறான். இவ ஒருத்திதான் கேக்கமாட்டேங்கறா. எனக்கு ராத்திரில தூக்கமே இல்ல, தரணி. மூச்சு வருதான்னு பாத்துக்கினே உக்காந்திருக்கேன்.”

மண்டியில் அவர் குரல் உயர்ந்தால் தெருமுனைவரை கேட்கும். அன்று சோடாக் கடைக்காரருக்குக்கூடக் கேட்கவில்லை.

5

திரும்பும் பஸ்ஸில் மாமா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அக்காவும் நானும் பின் சீட்டில். விக்கிரவாண்டி தாண்டும்வரை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

“அந்தக் கட்டுரைய நீ பசியில எழுதின. இல்ல?”

யார் சொன்னது என்றேன்.

“யார் சொல்லணும்? நீ எட்டாவது படிக்கசொல்ல வெளக்கு வச்சப்புறம் ட்ரவுசர் பாக்கெட்ல வறுத்த மல்லாட்டைய போட்டுக்கினு, இது கொட்டை, சாப்பாடு இல்லன்னு அப்பாகிட்ட வாதாடுனவன்தானே.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை, கரும்புதான்.

பரவாயில்லை, எப்படி எழுதினாலும் சரி, அதன்படி சாப்பிடு என்றேன். செய்து பார்த்தேன் என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் தரம் நினைவு திரும்பியதும் மாமா அழுததைப் பார்த்துவிட்டு, போன மாதம் ஒரு நாள் எட்டு மணிக்குத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதியிருந்தபடி கண்ணை மூடி, அறிகிறவன் யார் என்று பார்த்திருக்கிறாள்.

“மொதல்ல மண்டி, மாத்திரை, உன் மாமா, எல்லாம் வந்துது. அப்புறம் ஒண்ணொண்ணா போயிடுச்சி. மனசு அப்படியே நின்னுடுச்சி, தரணி. சத்தம் நின்ன மெஷினு மாதிரி. நீ எழுதியிருந்தது நெஜந்தான்.”

“சரி, சாப்ட்டியா?”

“எதுக்கு? பசியே இல்லையே. எதுவும் வேணும்னே தோணல. தட்ட மூடி வச்சிட்டு படுத்துட்டேன்.”

அந்த விடியற்காலையில்தான் இரண்டாவது தரம் நினைவு தப்பியிருக்கிறது.

ஒரு சப்பாத்திக்காக நான் எழுதிய கட்டுரை, வாசகர்களிலேயே ஒரே ஒருவருக்கு முழுசாகப் பலித்திருந்தது. பலித்த இடத்தில் அது ஆளைக் கொன்றுவிடும் போலிருந்தது. நான் வாதாட ஆரம்பித்தேன். மன அமைதி அவ்வளவு அவசியமில்லை என்றேன். அமைதி இல்லாமலே பலர் நன்றாக வாழ்கிறார்கள், என்னைப் பார் என்றேன். இப்போதைக்கு அதை நிறுத்திவை, சலனத்தோடேயே சாப்பிடு என்று கெஞ்சினேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா என் கையைத் தட்டி அடக்கினாள். பிறகு, “நான் சாப்புடாதது பசி இல்லாததால இல்ல,” என்றாள். “நம்ம வீட்ல யாரும் விட்டதில்ல. அப்பா ஆஸ்பத்திரியில கெடக்கசொல்லகூட விடல. நீ விட்டுட்ட. இப்ப நானும் விட்டா, அதோட போச்சி.” என்னைத் திரும்பிப் பார்த்தாள். “உனக்கு என்ன, சக்கரையா?”

இல்லை என்றேன்.

“வேற எதனா வியாதி?”

இல்லை என்றேன்.

“அப்ப நீ புடிச்சிக்கோ. நீ பொழுதோட சாப்புடு. நான் ராத்திரில சாப்புடறேன். நீ விட்டா நானும் விட்டுடுவேன், தெரிஞ்சிக்கோ.”

ஒருவர் விரதத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள நம் சமயத்தில் வழியில்லை. அவரவர் வினை அவரவருக்கு. அதில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது. இது எனக்குத் தெரியும், அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் மண்டிக்காரர் வீட்டில் ஒரு மூட்டை குறைந்தால் இன்னொரு மூட்டையை வைத்துவிட்டு வண்டியை அனுப்புவார்கள். சரி என்றேன். சொன்ன பிறகுதான் மார்கழி மாதம் ஞாபகம் வந்தது.

“அங்க எத்தனை மணிக்குப் பொழுது சாயும்?” என்று அவளும் அப்போதுதான் கேட்டாள்.

சொன்னேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவள் முகத்தை அப்படிப் பார்க்கவில்லை. கண்டக்டர் என்னவென்று கேட்டார். முன்னால் இருந்த மாமா எழுந்து நின்று, பயத்தோடு எங்களைப் பார்த்தார்.

அன்று எட்டு மணிக்கு அக்கா சாப்பிட்டாள். கண்ணை மூடி உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று நான் கட்டளை போட்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கரண்டியைத் தொட்டறியாத மாமா பரிமாறினார். இட்லிமேல் இட்லியாக அடுக்கினார். “இது எனக்கா, மாட்டுக்கா?” என்றாள் அக்கா. இரண்டு இட்லியைப் பரீட்சை எழுதும் பெண்ணைப் போல, தட்டைவிட்டுத் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.

6

திரும்பி வந்து ஒப்பந்தத்தை வீட்டில் சொன்னேன். விஜயா அதை மதித்தாள். ஆனால் அதில் கையெழுத்துப் போட மறுத்தாள். உங்க அக்காவோட போட்ட ஒப்பந்தத்துக்கு நான் ஏன் பட்டினி கிடக்கணும் என்றாள். சாந்தி இன்னும் தெளிவாக இருந்தாள். அவளுக்கு இப்போது தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே என் கட்டுரையை விஜயாதான் அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள். “நீங்க எழுதினதுலயே அதுதாம்பா பெஸ்ட்,” என்றாள் மகள். “நான் அதத்தான் ஃபாலோ பண்றேன்.” ஏழு மணிக்கு இருவரும் சூடாகச் சாப்பிடுவார்கள். நான் எதிரில் உட்கார்ந்து ஊறுகாயை நகர்த்திக் கொடுப்பேன். என் பேச்சை என் வீட்டில் கேட்பதில்லை என்று இனி நான் குறை சொல்ல முடியாது.

இரண்டு மணிக்கு மறுபடியும் ஆய்வகத்தில் சாம்பார் சோறு. பழைய ஆட்கள் பழகிவிட்டார்கள். உண்மையில் இந்தத் தேசத்தாரும் பெரிய சாப்பாட்டை நாலரைக்கே முடித்துக்கொள்பவர்கள்தான்; மீனை மன்னித்துவிட்டால் பாதி ஜைனர்கள். விசா பிரிவில் வருடா வருடம் என்னைப் பார்க்கும் அதிகாரி மட்டும், இரவில் உண்ணாமைக்கு மருத்துவச் சான்றிதழ் உண்டா என்று கேட்டார். மருத்துவச் சான்றிதழ் என் அக்காவிடம் இருக்கிறது என்றேன். மேற்கொண்டு அவர் விசாரிக்கவில்லை.

வட்டத்தாருக்கு ஒரு வார்த்தை. விரதத்துக்குத் திரும்பிய பிறகு எனக்கு உள்சூரியன் உதித்ததா என்று கேட்பீர்கள். முதல் குளிர்காலத்தில் உதித்தது பசி மட்டும். அதே நூலை மறுபடி திறந்து பார்த்தேன். பசியைத் தாங்க உதவும் வரி ஒன்றுகூட அதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு சாயங்காலம் இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒன்று உறைத்தது: அவ்வளவு நேரமும் என் தலைக்குள் ஒரு வாக்கியம்கூட ஓடவில்லை. முப்பது வருடமாக வாக்கியம் ஓடாத ஒரு நிமிஷத்தை நான் அறிந்ததில்லை. உடனே இதைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் தோன்றியது. போயிற்று.

சாந்தி வந்து விளக்கைப் போட்டு, உடம்பு சரியில்லையா அப்பா என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். அணைச்சிடவா என்று கேட்டு, அணைத்துவிட்டுப் போனாள்.

இந்த வாரம் தை பிறந்தது. மூன்று மணிக்குள் சாப்பிட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, மூன்றரைக்கு ஆய்வகத்திலிருந்து மாமா வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே அப்போது எட்டு மணி. மாமாதான் எடுத்தார். மண்டியில் பேசும் குரல் திரும்பியிருந்தது. “சாப்ட்டுக்கினு இருக்கா. இரு, கூப்புடறேன்.” வேண்டாம் மாமா, சாப்பிடட்டும் என்றேன். உள்ளேயிருந்து அக்கா, யார் போனில் என்று கேட்பது கேட்டது.

“உன் தம்பிதான்.”

“இருட்டறதுக்குள்ள சாப்ட்டானான்னு கேளுங்க.”

“கேக்கறா,” என்றார் மாமா.

“சாப்ட்டேன்னு சொல்லுங்க.”

சொன்னார். மாமா போனைக் கையில் பிடித்தபடியே நின்றிருக்க வேண்டும். தட்டில் கரண்டி படும் ஓசை, டம்ளரை வைக்கும் ஓசை, ரசத்தில் உப்பு குறைச்சல் என்று அவள் முணுமுணுப்பது, எல்லாம் கடல் தாண்டி வந்தது. இங்கே ஜன்னலுக்கு வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. அவள் எழுந்துபோய்க் கை கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் போனை வைத்தேன்.